கைப்பேசி வழியே பல்கலைக்கழக ஆங்கிலச் சொற்களைக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூலும் விரிவுரையும் ஆங்கிலத்திலேயே இருக்க, பக்கத்துக்குப் பத்துச் சொற்களாவது தெரியாமல் நின்றுபோகும் பல்கலைக்கழக மாணவர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. இவர்களில் பெரும்பாலோரின் கைப்பேசியில் சொல் கற்பதற்கான செயலிகள் இரண்டு மூன்று ஏற்கெனவே இருக்கும். தினமும் திறந்து பார்ப்பார்கள். புள்ளிகளும் பதக்கங்களும் சேர்ந்திருக்கும். தேர்வுத்தாளில் எழுதும்போது மட்டும் சொல் வராது. அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைப் பற்றியே பெரும்பாலான பதில்கள் பேசுகின்றன.

கைப்பேசியில் சொல் கற்பதால் உண்மையிலேயே பயன் உண்டா? நோட்டுப் புத்தகம் போதாதா?

பயன் உண்டு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லையும் அதன் பொருளையும் கண்முன் காட்டுவதில் கைப்பேசிக்கும் தாளுக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. சொல்லப்போனால், கையால் எழுதுபவருக்கு எழுத்துக்கூட்டல் கூடுதலாகவே பதியும். தாளால் செய்ய முடியாத வேறொரு வேலையைக் கைப்பேசி செய்கிறது. எந்தச் சொல்லை எப்போது பார்த்தீர்கள், பொருளைச் சரியாகச் சொன்னீர்களா, தடுமாறினீர்களா என்று கணக்கு வைத்துக்கொண்டு, நீங்கள் மறக்கப்போகும் தறுவாயில் அதே சொல்லைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்துச் சொல்லும் ஐம்பதாம் பக்கத்துச் சொல்லும் ஒரே மாதிரி அமைதியாகக் கிடக்கும். எது மறந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்லாது.

திறன்பேசி பரவுவதற்கு முன்பே இது தெரிந்திருந்தது. ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களின் கைப்பேசிகளுக்கு ஒவ்வொரு நாளும் குறித்த நேரங்களில் சிறு சிறு ஆங்கிலச் சொற்பாடங்களை மின்னஞ்சலாக அனுப்பிப் பார்த்த தார்ன்டன், ஹவுசர் ஆகிய இருவர், அப்படிப் பெற்றவர்கள் அதே பாடங்களைத் தாளில் பெற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்றதாக 2005-இல் எழுதினார்கள். அந்தக் கைப்பேசிகளின் சிறிய திரையில் அழகோ அசைபடமோ பெரிதாக இருந்திருக்க முடியாது. பாடம் நாள் முழுவதும் பரவி, கேட்காமலேயே வந்து சேர்ந்தது என்பதுதான் அங்கே நடந்த மாற்றம்.

பல்கலைக்கழகப் படிப்புக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

சொல்லை எண்ணுவதில் ஒரு சிக்கல் இருப்பதால் முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிஸ்ட்’, ‘அனலிட்டிக்கல்’ ஆகிய நான்கையும் தனித்தனியாக எண்ணாமல் ஒரே சொற்குடும்பமாக எண்ணுவது இத்துறை ஆய்வாளர்களிடையே பரவலான வழக்கம். கீழே பட்டியல்களுக்கும் சொல்லளவுக்கும் தரப்படும் எண்கள் சொற்குடும்பங்களைக் குறிக்கின்றன; ‘நூற்றுக்கு இத்தனை’ என்று வருபவை மட்டும் நூலின் பக்கங்களில் வரும் சொற்களைக் குறிக்கின்றன.

மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள் உள்ளன. ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல், அந்த 2,000-ஐத் தள்ளிவிட்டு, கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களின் நூல்களிலும் கட்டுரைகளிலும் பொதுவாக அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தது. அதற்காக அவர் திரட்டிய நூல்தொகுப்பின் அளவு சுமார் 35 லட்சம் சொற்கள். அந்தத் தொகுப்பில் நூற்றுக்குச் சுமார் 76 சொற்கள் வெஸ்டின் பட்டியலிலும், இன்னும் 10 சொற்கள் இந்த 570-இலும் அடங்கின. வெறும் 570 குடும்பங்கள் பத்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றன என்பதை நினைத்தால், முதலாண்டு மாணவருக்கு இதைவிட லாபமான பட்டியல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டையும் சேர்த்தாலும் 86-தான் வருகிறது. மீதி 14 சொற்கள் உங்கள் துறையின் கலைச்சொற்களும் பெயர்களும் அரிய சொற்களும் ஆகும். அகராதியைத் தொடாமல் சரளமாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம் என்பது இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படும் அளவுகோல். அந்த அளவுகோலின்படி நாவல், செய்தித்தாள் போன்றவற்றைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அத்தனையையும் அட்டை போட்டு, அதாவது ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாகத் தாளிலோ செயலியிலோ எழுதி வைத்து, படிக்க எவராலும் முடியாது, அப்படிச் செய்யவும் தேவையில்லை. முதல் 2,000-மும் அடுத்த 570-மும் உங்கள் துறைச் சொற்களும் அட்டைக்கு உரியவை. மற்றவை நிறையப் படிப்பதால் மெல்ல வந்து சேர வேண்டியவை.

என் இப்போதைய சொல்லளவை எப்படி அறிவது?

நேஷனும் பெக்லரும் 2007-இல் வெளியிட்ட சொல்லளவுத் தேர்வு இணையத்தில் கிடைக்கிறது. அதில் 140 கேள்விகள் உள்ளன. ஆயிரம் சொற்குடும்பங்களுக்குப் பத்துக் கேள்விகள் என்ற விகிதத்தில் அமைந்திருப்பதால், பெற்ற மதிப்பெண்ணை நூறால் பெருக்கினால் தோராயமான அளவு வரும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை என்பதால், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தவையும் எண்ணிக்கையைச் சற்று ஊதிவிடும். தெரியாததைத் தெரியாதென்றே விட்டுவிடுங்கள்.

செயலி தரும் பட்டியலைப் படிப்பதா, நானே சொற்களைத் தேர்ந்தெடுப்பதா?

மேலே சொன்ன 570-க்கு ஆயத்தப் பட்டியலையே பயன்படுத்தலாம். அதற்கு அப்பால், உங்கள் பாடநூலிலிருந்து நீங்களே எடுக்கும் சொல்தான் நிற்கும். ‘நாளுக்கொரு சொல்’ என்று செயலி அனுப்பும் அலங்காரச் சொற்கள் பெரும்பாலும் யாருடைய பாடநூலிலும் வராதவை. அவற்றைப் படித்து மகிழலாம், ஆனால் படிப்புக்கு அவை உதவுவது அரிது.

பாடநூலிலிருந்து எடுக்கும்போது புதிய சொற்களில் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். நமக்குத் தெரியும் என்று நாம் தாண்டிப்போகும் சொற்களில்தான் பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. அன்றாடத் தமிழ்ப்பேச்சில் ‘டென்ஷன்’ என்றால் மனப்பதற்றம். இயற்பியல் நூலில் அது கயிற்றின் இழுவிசை. ‘மேட்டர்’ என்றால் பேச்சில் ஒரு விஷயம்; வேதியியலில் பருப்பொருள்; கட்டுரையில் வினைச்சொல்லாக வந்தால் ‘பொருட்படுத்தத்தக்கதாக இருத்தல்’. ‘அட்ரஸ்’ என்பதை முகவரி என்றே அறிந்தவர், ஒரு கட்டுரை ஒரு சிக்கலை ‘அட்ரஸ்’ செய்கிறது என்று படிக்கும்போது குழம்பிப்போகிறார். அங்கே அதற்குச் சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய்தல் என்று பொருள். ‘ஆர்கியூ’ என்றால் சண்டைபோடுவது என்று நினைத்திருப்பவருக்கு, கட்டுரையாசிரியர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஏன் சண்டைபோடுகிறார்கள் என்று தோன்றக்கூடும். அவர்கள் காரணம் காட்டி ஒரு கருத்தை நிறுவுகிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் ‘சிக்னிஃபிகண்ட்’. பொதுப் பேச்சில் அது ‘முக்கியமான’. புள்ளியியலில் ‘தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவான’ என்ற நுட்பமான பொருள் அதற்கு உண்டு. அளவில் மிகச் சிறிய, நடைமுறையில் எந்த முக்கியத்துவமும் இல்லாத வேறுபாடுகூட அந்தப் பொருளில் ‘சிக்னிஃபிகண்ட்’ ஆக இருக்கலாம். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் ஆய்வுக்கட்டுரையின் முடிவே தலைகீழாகிவிடும். இதற்கு இரண்டு அட்டைகள் போடலாம், தவறில்லை.

எந்தச் செயலி நல்லது?

இதற்கு ஒரே பெயரைச் சொல்லும்படி எல்லோரும் கேட்கிறார்கள். சொற்களை இடைவெளிவிட்டு நினைவுகூர வைக்கும் வேலைக்கு மட்டும் என்றால், என் தேர்வு ஆன்கி. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்ற பொருள்படும் பெயர் அது. 2006-இல் வெளிவந்தது, ஆண்ட்ராய்டில் இலவசம், கணினியிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் அதன் அதிகாரபூர்வச் செயலிக்குப் பணம் கட்ட வேண்டும். தோற்றம் கவர்ச்சியாக இருக்காது, முதல் வாரம் அதன் அமைப்புகள் எரிச்சலூட்டும். ஆனாலும் அட்டைகள் உங்களுடையவை. கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

குவிஸ்லெட் பயன்படுத்த எளிது, வகுப்புத் தோழர்களோடு பகிர வசதியானது. டுவோலிங்கோ போன்றவை ஒரு மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்பிப்பதற்காக அமைந்தவை. உங்கள் பாடநூல் சொற்களை அவற்றுள் கொண்டுபோக வழியில்லை என்பதால், பல்கலைக்கழக மாணவருக்கு அவை பக்கவாத்தியம் மட்டுமே.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்றைப் பாருங்கள். நீங்களே அட்டை எழுத முடிகிறதா? பொருளைக் காட்டுவதற்கு முன் உங்களை யோசிக்க வைக்கிறதா? ஒரு நாள் அந்தச் செயலியை விட்டு வெளியேற நேர்ந்தால் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு போக முடியுமா? சந்தா முடிந்ததும் இரண்டு ஆண்டு உழைப்புப் பூட்டப்பட்டுவிடும் செயலிகளும் இருக்கின்றன.

‘இடைவெளிவிட்டு நினைவுகூர்தல்’ எப்படி வேலை செய்கிறது?

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது; படிப்பை ஒரே மூச்சில் முடிக்காமல் பல நாட்களுக்குப் பரப்பினால் மொத்த உழைப்புக் குறைகிறது என்ற இரண்டும் அப்போதே வெளிப்பட்டன. 1967-இல் பால் பிம்ஸ்லர் மொழிப்பாடத்துக்கென ஓர் அட்டவணையே போட்டார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. 1970-களில் செபஸ்தியான் லைட்னர் இதையே பல அறைகள் கொண்ட அட்டைப்பெட்டியாக மாற்றினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். போலந்தில் பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் அதைக் கணினி நிரலாக்கினார். ஆன்கி அவருடைய கணக்குமுறையைத் தழுவியே தொடங்கியது. இன்று உங்கள் கையில் இருப்பது அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை.

இடைவெளி பாதிதான், மற்றப் பாதி நினைவுகூரும் முயற்சி. கார்ப்பிக், ரோடிகர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து தம்மைச் சோதித்துக்கொண்டவர்கள், ஒரு வாரம் கழித்து ஐந்தில் நான்கு பங்கு சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை சரியானதும் சோதனையை நிறுத்தியவர்கள், அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொல்லியிருந்தார்கள். எது பயன் தருகிறது என்பதைப் படிப்பவரின் உள்ளுணர்வு காட்டிக்கொடுப்பதில்லை என்பதால் இந்தச் சோதனையை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வதுண்டு. பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது சுகமாக இருக்கும், தெரிந்தது போலவே இருக்கும். திரையை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால்தான் தெரியவரும்.

ஆகவே அட்டை வந்ததும் பொருளைப் பார்க்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வாய்விட்டோ மனத்துக்குள்ளோ விடையை முழுதாகச் சொல்லிவிடுங்கள். ‘ஏதோ தெரியும்’ என்று அழுத்திவிட்டு, பார்த்ததும் ‘ஆமாம், இதுதான்’ என்று சரி போட்டுக்கொள்வது செயலியை ஏமாற்றுவது. அது நம்பி மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிடும்.

ஓர் அட்டையை எப்படி எழுத வேண்டும்?

பெரும்பாலோர் செய்வது முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் ஒரு தமிழ்ச்சொல். தொடக்கத்துக்கு அது போதும், கட்டுரை எழுதுவதற்குப் போதாது. ஒரு சொல் தெரியும் என்பதில் அதன் ஒலி, எழுத்துக்கூட்டல், பொருள் ஆகியவற்றோடு, அது எந்தச் சொல்லோடு சேரும், எந்த இடைச்சொல்லை ஏற்கும் என்பதும் அடங்கும். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பிழைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான் விழுகின்றன, அதற்குக் காரணம் தமிழ். ‘இதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நாம் சொல்வதால் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அபவுட்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு அங்கே இடமில்லை. ஒன்றின் ‘மீது’ அழுத்தம் கொடுப்பதால் ‘எம்ஃபசைஸ்’ என்பதற்குப் பின் ‘ஆன்’ வருகிறது, அதுவும் வேண்டாதது. ‘ரிசர்ச்’, ‘எவிடன்ஸ்’ இரண்டையும் ஆய்வுகள், சான்றுகள் என்று நாம் பன்மையாக்குவது போலவே கடைசியில் ‘ஸ்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை பொதுவாக எண்ண முடியாத பெயர்ச்சொற்கள்.

எனவே நான் பரிந்துரைக்கும் அட்டை ஒரு வாக்கியம். முன்பக்கம் உங்கள் பாடநூலிலிருந்து அந்தச் சொல் வரும் வாக்கியத்தை எடுத்து, சொல்லிருக்கும் இடத்தைக் கோடாக விட்டு, அருகே தமிழில் பொருளுக்கான குறிப்பைத் தாருங்கள். பின்பக்கம் சொல்லும், அதோடு வழக்கமாகச் சேரும் ஒரு துணைச்சொல்லும். அவ்வளவே. நாலைந்து பொருள்களையும் மூன்று வாக்கியங்களையும் எதிர்ச்சொல்லையும் வேர்ச்சொல்லையும் ஒரே அட்டையில் அடைத்தால், எதைச் சொன்னால் சரி என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

மனத்தில் நிற்க மறுக்கும் சொல்லுக்கு ஒலியொப்புமை கைகொடுக்கும். ‘அடமன்ட்’ என்றால் பிடிவாதமான. தமிழில் ‘அடம்’ பிடிக்கும் குழந்தையை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் பிறகு மறப்பதே இல்லை. இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் கொக்கியாகப் பயன்படுவதற்கு உறவு தேவையில்லை. அட்கின்சன், ரா ஆகியோர் ரஷ்யச் சொற்களை இந்த முறையில் கற்பித்துப் பார்த்து, இது நன்றாக வேலை செய்வதை 1975-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

பொருளைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலேயே எழுத வேண்டுமா?

தாராளமாகத் தமிழில் எழுதலாம். ‘ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படி’ என்ற அறிவுரை நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் ஒரு சொல்லின் பொருளை விளக்கும் வாக்கியத்திலேயே மூன்று தெரியாத சொற்கள் இருந்தால் அது அறிவுரையாக இல்லாமல் தண்டனையாகிவிடும். முதல் சந்திப்புக்குத் தாய்மொழிப் பொருள் விரைவானது. பிறகு, நெருங்கிய பொருளுடைய இரண்டு சொற்களுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை எழுதும் நிலை வரும்போது, அப்போதைக்கு ஆங்கில விளக்கத்துக்கு மாறுங்கள். கற்போருக்கான அகராதிகள் குறைந்த எண்ணிக்கையிலான எளிய சொற்களைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கும். 1978-இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் அதைச் செய்தது. அத்தகைய அகராதியையே கைப்பேசியில் வைத்திருங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான், ஆனாலும் காரணம் வலுவானது. ஒன்றைத் தத்தெடுத்தல் அல்லது ஏற்றுக்கொள்ளல் என்று பொருள்படும் சொல்லும், சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுதல் என்று பொருள்படும் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘அடாப்ட்’ என்றே விழும். ஆங்கிலத்தில் அவற்றின் உயிரொலி வேறு. வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டையும் ஒரே ‘ப’-வும் ஒரே ‘ட’-வும் விழுங்கிவிடும்.

இங்கேதான் கைப்பேசி தாளை வெல்கிறது: அட்டையில் ஒலியை இணைத்துவிடலாம். கேட்கும்போது அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘அனலைஸ்’ என்ற வினையில் முதல் அசையிலும், ‘அனாலிசிஸ்’ என்ற பெயரில் இரண்டாம் அசையிலும், ‘அனலிட்டிக்கல்’ என்ற அடைமொழியில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. ஒரே குடும்பம், மூன்று தாளம். தமிழில் அசையழுத்தம் பொருளைப் பிரிப்பதில்லை என்பதால் நம் காது இதற்குப் பழகவில்லை. விரிவுரையில், தெரிந்த சொல்லே தெரியாததுபோல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அட்டை வரும்போதெல்லாம் ஒருமுறை கேட்டு, ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டு நகருங்கள்.

நாளொன்றுக்கு எத்தனை புதிய சொற்கள்?

எட்டு முதல் பத்து. ஆன்கி தானாக வைத்திருக்கும் அளவு நாளுக்கு 20 புதிய அட்டைகள். மற்றப் பாடங்களும் உள்ள மாணவருக்கு அது மிகுதி. புதிய அட்டை ஒவ்வொன்றும் பின்னால் பல மீள்பார்வைகளைக் கடனாக இழுத்துக்கொண்டு வரும். நாளுக்குப் பத்து என்று தொடங்கினால் சில வாரங்களில் தினமும் 70, 80 அட்டைகள் வரிசையில் நிற்கும். இருபது என்றால் அதன் இரு மடங்கு. தேர்வுக்காலத்தில் நான்கு நாள் திறக்காமல் விட்டால் நூற்றுக்கணக்கில் குவிந்து, அதைப் பார்த்த பயத்திலேயே செயலியை நீக்கியவர்கள் பலர்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு என்று வைத்தால் வாரத்துக்கு 40 ஆகும். அந்த 570 குடும்பங்களும் பதினைந்து வாரங்களுக்குள் முடியும். ஒரு பருவத்துக்கு இது நியாயமான இலக்கு. மீதி இரண்டு நாள் புதியது எதுவும் சேர்க்காமல் பழையதை மட்டும் பாருங்கள். ஏற்கெனவே குவிந்துவிட்டிருந்தால் புதிய அட்டைகளை முழுதாக நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐம்பதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தொடர்புடைய சொற்களைச் சேர்த்துப் படித்தால் எளிதாக இருக்காதா?

எளிதாக இருக்கும் என்றுதான் தோன்றும். பாடநூல்களும் அப்படித்தான் அடுக்குகின்றன. ஆனால் டிங்கம் 1993-இலும், வேரிங் 1997-இலும் செய்த சோதனைகளில், பொருளால் நெருங்கிய புதிய சொற்களை ஒன்றாகக் கற்றவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ‘இண்டக்டிவ்’ (தனிச் சான்றுகளிலிருந்து பொதுவிதிக்குப் போகும்), ‘டிடக்டிவ்’ (பொதுவிதியிலிருந்து தனி முடிவுக்கு வரும்) இரண்டையும் ஒரே நாளில் கற்றால் எது எது என்ற குழப்பம் ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒன்று உறுதியாகப் பதிந்த பிறகு மற்றதைச் சேருங்கள்.

கைப்பேசியை எடுத்தால் வேறெதையோ பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

இது உண்மையான குறைபாடு, மறைக்க வேண்டியதில்லை. கிளென் ஸ்டாக்வெல் ஜப்பானில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொற்பயிற்சியைக் கைப்பேசியிலும் கணினியிலும் செய்ய வாய்ப்பளித்தபோது, மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும், கைப்பேசியில் முடிக்கக் கூடுதல் நேரம் ஆனது. கணிசமானோர் கணினியையே விரும்பினார்கள். அன்றைய கைப்பேசிகள் வேறு. ஆனாலும் ‘கையில் இருக்கிறது, ஆகவே படிப்பார்கள்’ என்ற நம்பிக்கைக்கு அது ஓர் எச்சரிக்கை.

நேரத்தைக் குறிப்பதைவிட ஒரு செயலோடு கட்டிவிடுவது பலன் தரும்: பேருந்துக்குக் காத்திருக்கும்போது, வகுப்பறையில் உட்கார்ந்து விரிவுரை தொடங்குவதற்கு முன், என்று. பத்து நிமிடத்துக்கு மற்ற அறிவிப்புகளை அடக்கி வையுங்கள். அட்டை எழுதும் வேலையைக் கைப்பேசியில் செய்யாதீர்கள்; அதைக் கணினியில் உட்கார்ந்து வாரம் ஒருமுறை செய்துவிட்டு, கைப்பேசியை மீள்பார்வைக்கு மட்டும் வையுங்கள்.

கேமராவை நீட்டினால் பக்கம் முழுவதும் தமிழில் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் சொல் கற்க வேண்டும்?

நாளை காலைக்குள் ஒரு கட்டுரையின் சாரம் தெரிய வேண்டுமானால் அப்படியே செய்யுங்கள். ஆனால் அதைச் சொல் கற்கும் வழியாக எண்ண வேண்டாம். லாஃபர், ஹுல்ஸ்டைன் ஆகியோர் 2001-இல் முன்வைத்த கருத்துப்படி, ஒரு சொல் பதிவது மூன்றைப் பொறுத்தது: அது தேவைப்பட வேண்டும், அதன் பொருளைத் தேட வேண்டும், கிடைத்த பொருள் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று எடைபோட வேண்டும். கேமரா மொழிபெயர்ப்பு தேடலையும் எடைபோடலையும் உங்களுக்குப் பதிலாகச் செய்துவிடுகிறது. முதலில் ஊகியுங்கள், பிறகு பாருங்கள். ஊகம் தவறினாலும் நட்டமில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளுக்கும் இதே விதி. ‘இந்தச் சொல்லுக்குப் பத்து வாக்கியம் கொடு’ என்று கேட்பதைவிட, நீங்கள் ஐந்து வாக்கியம் எழுதி, எதில் சொல் சரியாகப் பொருந்தவில்லை என்று கேளுங்கள். அது சொல்வதையும் அகராதியில் ஒருமுறை சரிபாருங்கள், உறுதியான குரலில் தவறு சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு.

படிக்கும்போது புரிகிறது, எழுதும்போது மட்டும் வருவதில்லை. ஏன்?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போகும் அட்டையை மட்டும் பழகியிருப்பீர்கள். அது ஒருவழிப் பாதை. எழுதத் தேவைப்படும் சொற்களுக்கு மட்டும், அதாவது உங்கள் கட்டுரையில் உண்மையிலேயே வரக்கூடிய நூறு இருநூறு சொற்களுக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் அட்டையையும் போடுங்கள். விடையை விரலால் தட்டி எழுத்துக்கூட்டலோடு தாருங்கள். எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்தால் சுமை இரட்டிப்பாகும். அந்த வாரம் கற்றவற்றில் மூன்றையாவது ஆய்வக அறிக்கையிலோ ஒப்படைப்பிலோ வேண்டுமென்றே பயன்படுத்திப் பாருங்கள்.

வகுப்பாகச் சேர்ந்து செய்யலாமா?

செய்யலாம். ஆளுக்கு வாரம் ஐந்து அட்டை எழுதிப் பொதுவான ஓர் அட்டைக்கட்டில் சேர்த்தால், முப்பது பேர் வகுப்பில் 150 அட்டைகள் சேரும். ஆசிரியர் அவற்றில் நாற்பதைத் தேர்ந்து பிழைதிருத்தித் தந்தால் போதும். பிறர் எழுதிய அட்டைகளை மட்டுமே படிப்பவருக்குப் பயன் பாதிதான், எழுதும்போது நடக்கும் தேடலை அவர் இழந்துவிடுகிறார்.

எப்போது ஓர் அட்டையை நீக்கலாம்?

பலரும் நீக்க அஞ்சுகிறார்கள். ஓர் அட்டை ஏழெட்டு முறை தவறிக்கொண்டே இருந்தால் குற்றம் பெரும்பாலும் அட்டையில் இருக்கும். வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். மாற்றி எழுதியும் நிற்காத சொல், பாடநூலிலும் திரும்ப வரவில்லை என்றால், அதை விட்டுவிடலாம். அடுத்த மீள்பார்வை ஓராண்டுக்கு அப்பால் போய்விட்ட சொற்களையும் நீக்கலாம். அவற்றை இனி நூல்களே உங்களுக்கு நினைவூட்டிக்கொள்ளும். பருவ விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து அட்டைக்கட்டில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பவர்கள் அடுத்த பருவத்திலும் தொடர்கிறார்கள், ஒன்றையும் கழிக்காதவர்கள் பெரும்பாலும் மொத்தக் கட்டையுமே கைவிட்டுவிடுகிறார்கள்.